தேங்காய்க் குரங்கும் சட்டைப் பொத்தானும்

கிரேட் நிக்கோபார் தீவில், காம்ப்பெல் பே பக்கம் தென்னை வைத்திருப்பவர்களிடம் குரங்கைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வாங்க முடியாது. 1969-ல் தொடங்கி அங்கே குடியமர்த்தப்பட்ட முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. பாடுபட்டு வளர்த்த மரத்தில் ஏறி இளநீரையும் காயையும் தின்று தீர்க்கும் குரங்கின் மேல் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் சட்டம் குரங்கின் பக்கம் நிற்கிறது. நிக்கோபார் நீள்வால் குரங்கு கிரேட் நிக்கோபார், லிட்டில் நிக்கோபார், கச்சால் ஆகிய மூன்று தீவுகளில் மட்டும்தான் உண்டு. உலகில் வேறெங்கும் இல்லை. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதற்கு இடம் தந்திருக்கிறார்கள்.

கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அந்தக் குரங்கின் கையைக் கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். காயை அப்படியே வாயில் போட்டுக்கொள்ள முடியாது. மட்டையைப் பல்லால் கிழிக்க வேண்டும். நாரை இழுத்தெறிய வேண்டும். பிறகு கெட்டியான தரையில் மோதி உடைக்க வேண்டும். அதன் பிறகுதான் பருப்பு. இதில் ஒன்று முன்பின் ஆனால் காரியம் கெட்டது. கோவை ஆனைக்கட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் கிரேட் நிக்கோபாரில் இந்தக் குரங்குகளைப் பின்தொடர்ந்து கவனித்து 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தின்பண்டத்தில் மண் ஒட்டியிருந்தால் தேய்ப்பதும், தண்ணீரில் கழுவுவதும், இலையில் சுற்றி உருட்டுவதும் அதில் பதிவாகியிருக்கின்றன. தென்னை நார், பறவை இறகு, நைலான் நூல் என்று கிடைத்ததைக் கொண்டு பல்லிடுக்கைச் சுத்தம் செய்வதும் உண்டாம்! பல் குத்துவதை மனிதன் கண்டுபிடித்தான் என்று நினைத்திருந்தவர்கள் யோசிக்க வேண்டும்.

கிழிப்பது, இழுப்பது, மோதுவது என்று தனித்தனி அசைவுகள் கைக்குத் தெரியும். ஆனால் எதற்குப் பின் எது என்ற ஒழுங்கை வைத்துக்கொண்டிருப்பது யார்? இந்தக் கேள்வி வெறும் குரங்கு வேடிக்கையோடு நிற்பதில்லை. வயதான தகப்பனாரோ மாமனாரோ இருக்கும் பல வீடுகளில் தினமும் காலையில் எழும் கேள்வி இது. அது பின்னால் வரும். முதலில் எலியைப் பார்ப்போம்.

எலி முகம் கழுவும் முறை

எலி முகம் துடைத்துக்கொள்வதை நம் வீடுகளிலேயே பார்த்திருக்கலாம். ஒழுங்கில்லாமல் அங்கும் இங்கும் துடைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் சில சமயம் அது ஒரு குறிப்பிட்ட வரிசையில் இறங்கிவிடும். முதலில் மூக்கருகே இரு முன்னங்கால்களாலும் வேகமாகச் சிறு சிறு வட்டங்கள். அடுத்து மீசைப் பக்கம் சிறிய இழுப்புகள். மூன்றாவதாக, காதுக்குப் பின்னாலிருந்து முன்பக்கமாக இரு கைகளாலும் பெரிய வழிப்புகள். கடைசியில் உடம்பைத் திருப்பி விலாவை நக்குவது. எல்லாம் சேர்ந்து ஐந்து விநாடிக்கு மேல் ஆகாது. முதல் கட்டம் ஆரம்பித்துவிட்டால் கடைசிக் கட்டம் வரை போவதுதான் வழக்கம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் 1980-களில் இதைப் படமெடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு வழிப்பையும் எண்ணினார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதைப் போல எலியின் இந்தச் செயலுக்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது என்றார்கள்.

பிறகு அவர்கள் கேட்டது: மூளையில் எந்த இடம் கெட்டால் இந்த இலக்கணம் கெடும்? முன்மூளையின் அடியில் உள்ள ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார்கள். அடுத்து, அந்தப் பகுதிக்கு டோபமைன் என்ற ரசாயனப் பொருளை அனுப்பும் செல்களை மட்டும் ஒரு விஷப் பொருளால் அழித்துப் பார்த்தார்கள். 1989-ல் வெளியான முடிவு இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தது. எலி முகம் துடைத்தது. வட்டம் போட்டது. பெரிய வழிப்பும் வழித்தது. விலாவையும் நக்கியது. ஒவ்வொரு அசைவும் அதனிடம் இருந்தது. ஆனால் வரிசை ஆரம்பித்தால் முடிவு வரை போகவில்லை, நடுவில் அறுந்தது. எழுவாயும் செயப்படுபொருளும் பயனிலையும் வாயில் இருந்தும் வாக்கியம் மட்டும் அமையாத நிலை என்று இதைச் சொல்லலாம்.

டோபமைன் கூடிப்போனால்? 2005-ல் அதையும் சோதித்தார்கள். மூளையில் டோபமைன் அதிகமாகத் தங்கும்படி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளில், அந்த வரிசை முன்னிலும் விறைப்பாகிவிட்டது. இடையில் குறுக்கிட்டு நிறுத்துவது கடினமாயிற்று. குறைந்தால் அறுகிறது, மிஞ்சினால் இறுகுகிறது.

சுண்டெலிகளை ஒரு விசையை எட்டு முறை அழுத்தப் பழக்கிய சோதனை ஒன்று 2010-ல் வெளியாயிற்று. டோபமைன் செல்களிலும் ஸ்ட்ரையாட்டம் செல்களிலும் பல, எட்டு அழுத்தத்துக்கும் சமமாகத் துடிக்கவில்லை. தொடங்கும்போது சில துடித்தன. முடிக்கும்போது சில துடித்தன. அலுவலகத்தில் கோப்பைத் திறக்கும்போது ஒரு முத்திரை, மூடும்போது ஒரு முத்திரை குத்துவதில்லையா, அது மாதிரி. மூளை அந்த எட்டையும் ஒரே காரியமாகக் கட்டி, தலையிலும் வாலிலும் அடையாளம் போட்டு வைத்திருக்கிறது.

பறவைப் பாட்டும் இந்தக் கணக்கில் சேரும். அந்தமானின் புல்வெளிகளில் கூட்டமாகத் திரியும் வெண்முதுகுத் தினைக்குருவியின் இனத்திலிருந்துதான் ஜப்பானியர் வீட்டுக் கூண்டுப் பறவை ஒன்றை உண்டாக்கினார்கள். அதன் பாட்டில் சுரங்கள் எந்த ஒழுங்கில் வருகின்றன என்பதை ஆராய்வதே சில விஞ்ஞானிகளின் வேலை. அதற்கு உறவான ஆஸ்திரேலியக் குருவி ஒன்றில், ஸ்ட்ரையாட்டத்தைச் சேர்ந்த பகுதியைச் சேதப்படுத்தியபோது குருவி பாடாமல் போகவில்லை. ஒரே சுரத்தைத் திக்குவாயர் போலத் திரும்பத் திரும்பச் சொன்னது. அது 2014-ம் ஆண்டுச் செய்தி.

சட்டை போடும் வேலை

டோபமைனை உண்டாக்கும் செல்கள் நடுமூளையில், கருமையாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் இருக்கின்றன. மனிதனிடம் அவை சில லட்சம்தான். கோடிக்கணக்கான செல்கள் கொண்ட மூளையில் இது கைப்பிடி அளவுகூட இல்லை. அவை மெல்ல மெல்ல அழிந்து போவதுதான் பார்க்கின்சன் நோய். லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் எழுதிய சிறு நூலால் அந்தப் பெயர் வந்தது. நம் நாட்டு வைத்தியத்தில் கம்பவாதம், நடுக்குவாதம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதைத்தான்.

பெயரைக் கேட்டதும் எல்லோரும் நடுக்கத்தையே நினைக்கிறார்கள். அங்கேதான் தவறு நேர்கிறது. நடுக்கமே இல்லாமல் இந்த நோய் வருவோரும் உண்டு. நடுக்கம் இருப்பவர்களுக்கும் பெரிய தொல்லை வேறு. காலையில் பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். சட்டையின் ஒரு கை மாட்டியாகிவிட்டது. இன்னொரு கை தொங்குகிறது. ஐந்து நிமிடம் ஆகிறது, பத்து நிமிடம் ஆகிறது. மகன் டியூட்டிக்குப் போகும் அவசரத்தில், “அப்பா, கை நல்லாத்தானே இருக்கு, போட்டுக்கிட்டு வாங்களேன்” என்கிறான். கை நன்றாகத்தான் இருக்கிறது. பிடிக்கச் சொன்னால் பிடிப்பார். தூக்கச் சொன்னால் தூக்குவார். கையை நுழைத்து, காலரை இழுத்து, பொத்தானைத் துளையில் தள்ளி என்று ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் நின்றுவிடுகிறார்.

இது வெறும் ஊகம் அல்ல. 1987-ல் லண்டனில் டேவிட் மார்ஸ்டன் என்ற புகழ்பெற்ற நரம்பு டாக்டரின் குழு இதை அளந்தே காட்டியது. நோயாளிகளிடம் முழங்கையை மடக்கச் சொன்னார்கள். கையால் ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். தனித்தனியே செய்தபோது கொஞ்சம் தாமதம். ஒன்றை முடித்து உடனே மற்றதைச் செய் என்றபோது, ஒவ்வோர் அசைவும் இன்னும் மெதுவானதோடு, இரண்டுக்கும் நடுவில் இடைவெளியும் நீண்டுவிட்டது. எலியிடம் கண்டதும் மனிதனிடம் கண்டதும் அச்சு அசலாக ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டும் காட்டுவது ஒரே திசையை.

எழுத்து வேலை பார்த்தவர்களிடம் நோய் வேறு விதமாகவும் தலைகாட்டும். எழுதத் தொடங்கும்போது எழுத்து சரியான அளவில் இருக்கும். வரி முடிவதற்குள் சுருங்கிச் சுருங்கிக் கடுகாகிவிடும். கையெழுத்து பழைய மாதிரியோடு ஒத்துவரவில்லை என்று பாங்கில் பென்ஷன் பணத்துக்கு ஆட்சேபம் எழுந்த பிறகு டாக்டரிடம் போகிறவர்களும் உண்டு. நடக்கும்போது ஒரு பக்கக் கை மட்டும் வீசாமல் ஒட்டிக்கொண்டிருப்பது, முகத்தில் சிரிப்பும் சிடுசிடுப்பும் குறைந்து பொம்மை போல ஆவது, மீன் குழம்பின் வாசனைகூடத் தெரியாமல் போவது ஆகியவையும் அறிகுறிகள்தான். இவையெல்லாம் மூப்பு என்று ஒதுக்கப்படுகின்றன. சோம்பல், பிடிவாதம் என்று பெரியவர் பேச்சும் வாங்குகிறார். நோயைவிட இந்தப் பேச்சுத்தான் அவரை அதிகம் வாட்டுகிறது.

இரண்டு மூலிகைகள்

டோபமைன் கதையில் இந்தியாவின் பங்கு இரண்டு செடிகளில் அடங்கியிருக்கிறது. ஒன்று எடுத்தது, மற்றொன்றில் கொடுப்பது இருந்தது.

முதலாவது சர்ப்பகந்தி. நம் வைத்தியர்கள் மன அமைதிக்கும் தூக்கத்துக்கும் காலம் காலமாகக் கொடுத்துவந்த வேர் இது. கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் போஸ் ஆகிய இருவரும் அதன் குணத்தைப் பற்றி 1931-ல் எழுதினார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அதிலிருந்து ரெஸர்பைன் என்ற சரக்கைப் பிரித்தெடுத்தது. அது ரத்த அழுத்தத்துக்கு மருந்தாக உலகெங்கும் பரவியது. சில நோயாளிகளின் உடம்பு விறைத்து, அசைவு குறைந்து போனதை டாக்டர்கள் கவனித்தார்கள். ஏன் என்று தெரியவில்லை.

சுவீடனில் லுண்ட் நகரத்தில் ஆர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். முயல்கள் காதைத் தொங்கவிட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தன. பிறகு அவற்றுக்கு டோபா என்ற பொருளை ஊசியாகப் போட்டார். உடலுக்குள் போய் டோபமைனாக மாறும் பொருள் அது. சற்று நேரத்தில் முயல்கள் எழுந்து ஓடலாயின! 1957-ல் இது வெளியாயிற்று. ரெஸர்பைன் மூளையின் டோபமைன் கையிருப்பைக் காலி செய்கிறது, டோபா அதை நிரப்புகிறது என்பது விரைவிலேயே தெளிவாயிற்று. அதுவரை டோபமைனை வேறொரு பொருள் தயாராகும் வழியில் வரும் இடைப்பட்ட சரக்கு என்றுதான் எண்ணியிருந்தார்கள். 2000-ம் ஆண்டில் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வியன்னாவில் ஓலே ஹோர்னிகிவிக்ஸ் 1960-ல், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் வறண்டு கிடந்ததைக் காட்டினார். அடுத்த ஆண்டே உயிருள்ள நோயாளிகளுக்கு டோபா ஊசி போட்டார்கள். படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள் எழுந்து நடந்தார்கள், சில மணி நேரத்துக்கு. 1967-ல் நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்ஸியாஸ் அதை வாய்வழியாகச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து நிலையான சிகிச்சையாக்கினார். இன்றும் இந்த நோய்க்கு முதன்மையான மருந்து அதுவே.

இனி இரண்டாவது செடி. வேலியில் படர்ந்து, மேலே பட்டால் உடம்பெல்லாம் அரித்துத் தொலைக்கும் பூனைக்காலி. அதன் விதை நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். கார்ல்சனின் முயல்களுக்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1937-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் கூடத்தில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து இதே டோபாவைப் பிரித்தெடுத்து, லண்டனிலிருந்து வரும் உயிர்வேதியியல் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அது எதற்கு உதவும் என்று அப்போது உலகில் ஒருவருக்கும் தெரியாது. கார்ல்சன் பயன்படுத்தியது ஆய்வுக்கூடத்தில் தயாரான சரக்கு. சென்னை விதையிலிருந்து போனதல்ல. இருந்தாலும் மருந்து கையில் இருந்தது, நோயின் காரணம் தெரியவில்லை என்ற நிலையில் சென்னையில் இருபது ஆண்டுகள் கழிந்தன என்பது வேடிக்கைதான்.

குரங்குக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1982-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இளைஞர்கள் சிலர் திடீரென்று கற்சிலை போல உறைந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கள்ளத்தனமாகத் தயாரித்த போதை மருந்தில் கலந்துவிட்ட எம்.பி.டி.பி. என்ற பொருள் அவர்களுடைய டோபமைன் செல்களைக் கொன்றுவிட்டது. வில்லியம் லாங்ஸ்டன் என்ற டாக்டர் இதைத் துப்பறிந்து 1983-ல் வெளியிட்டார். அந்தப் பொருள் எலிக்கு அவ்வளவாக ஏறுவதில்லை; குரங்கை அப்படியே வீழ்த்துகிறது. அதனால் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் பார்க்கின்சன் மருந்துகளைச் சோதிக்கக் குரங்குகளையே நாடினார்கள். அதில் அதிகம் பயன்பட்டது நீள்வால் குரங்கு, அதாவது நிக்கோபார் குரங்கின் இனம்தான். இன்றைய சிகிச்சையில் அந்தப் பிராணிகளின் கடன் இருக்கிறது.

கப்பலில் போகிறவர்களுக்கு

தீவுகளில் இந்த நோய் இருக்கும் குடும்பங்களுக்குச் சில சங்கடங்கள் தனி. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் கச்சாலிலிருந்தோ காம்ப்பெல் பேயிலிருந்தோ அங்கே வருவதே ஒரு பிரயாணம். மேல்சிகிச்சைக்குச் சென்னைக்குப் போவதென்றால் கப்பலில் மூன்று நாள் ஆகிறது. இடையில் மாத்திரை தீர்ந்தால் வாங்கக் கடை கிடையாது.

டோபா மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். உடம்பு விறைத்து, கடும் காய்ச்சல் கண்டு, நினைவு தப்புவது உண்டு. ஆகவே கப்பல் தாமதமானாலும் தாங்கும்படி பத்து நாள் மாத்திரை அதிகமாக இருக்க வேண்டும். பெட்டியில் போட்டுச் சரக்கறைக்கு அனுப்பாமல் கைப்பையில் இருக்க வேண்டும். வேளை தவறாமல் கொடுப்பதும் முக்கியம். மீன், முட்டை, பருப்பு போன்ற புரதச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து சரியாக ஏறாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, ஒரு மணி பின்போ கொடுப்பது நல்லது. மீன் இல்லாமல் சாப்பாடு இறங்காத தீவில் இதை வீட்டுப் பெண்களுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மீனை நிறுத்த வேண்டியதில்லை. நேரத்தைப் பிரித்தால் போதும்.

பூனைக்காலிப் பொடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் டோபா இருப்பது உண்மை என்பதாலேயே, மாத்திரையோடு சேர்த்துத் தாமாகச் சாப்பிடுவது விபரீதம். கணக்குத் தெரியாமல் மருந்து இரட்டிப்பாகும். கை கால்கள் தன்போக்கில் துள்ளும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். சாப்பிடுவதானால் டாக்டருக்குத் தெரிந்து சாப்பிட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய உதவி எளியது. தானாக வராத வரிசையை வெளியிலிருந்து யாராவது எடுத்துக் கொடுத்தால் நோயாளி அதைப் பிடித்துக்கொள்வார். ‘சட்டை போடுங்கள்’ என்று மொத்தமாகச் சொல்வதற்குப் பதில், ‘வலது கையை விடுங்கள்... இப்போது காலரை இழுங்கள்’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கலாம். நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டால், ஒன்று இரண்டு என்று எண்ணச் சொல்லலாம். தரையில் குறுக்கே பட்டையாகக் கோடு ஒட்டி வைத்தால் அதைத் தாண்டிக் கால் வரும். சமதளத்தில் நகராத கால், படியைக் கண்டால் ஏறுவதைப் பார்த்து வீட்டார் நடிப்பு என்று சந்தேகப்படுவதுண்டு. அது நடிப்பு இல்லை. கண் காட்டும் வழியில் போகும் அசைவுக்கு மூளையில் வேறு பாதை உதவுகிறது.

கப்பல் கிளம்பி ஆழ்கடலுக்கு வந்ததும் பாதிப் பேருக்குத் தலை சுற்றும். பக்கத்துப் படுக்கைக்காரர் அன்போடு தம்மிடம் உள்ள வாந்தி மாத்திரையை நீட்டுவார். மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின் ஆகிய மருந்துகள் உள்ள மாத்திரைகளானால், அவை மூளையில் டோபமைன் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடும். காலையில் நடந்து கப்பலேறிய பெரியவர் மறுநாள் எழுந்திருக்க முடியாமல் கிடக்கலாம். டோம்பெரிடோன் என்ற மருந்து மூளைக்குள் அதிகம் போவதில்லை. இவர்களுக்குப் பெரும்பாலும் அதைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவும் யோசித்துக் கொடுக்க வேண்டியது என்பதால், டிக்கெட் எடுத்த கையோடு டாக்டரைக் கேட்டு, எந்த மாத்திரை ஆகும், எது ஆகாது என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கி மருந்துப் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. கப்பல் டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும்.